தவிட்டுக்கு விற்ற பிள்ளைக்கு வந்த வீடு

அன்புள்ள ராசுவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மூன்று கஜம் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தேன். உறையைப் பிரித்ததும் 'மதிப்புக்குரிய ஐயா' என்று முதல் வரி இருந்தது. ஏதோ கொழும்புக் கம்பெனி சரக்கு விஷயமாக எழுதியிருக்கிறது என்று நினைத்து வைக்கப் போனவன், கையெழுத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்து. இத்தனை வருஷமும் 'அன்புள்ள அப்பா' என்று எழுதிய கை. மொத்தமே ஐந்து வரி. மாநகரசபைப் பட்டியலில் வீட்டுக்கு உன் முறை வந்துவிட்டது. பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். நுவரெலியாவிலிருந்து பிரதி எடுப்பித்தாய். அதில் தகப்பன் பெயர் சன்னாசி, தாய் பெயர் வெள்ளையம்மா என்று இருப்பதைக் கவுண்டரில் இருந்தவர் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். 'நான் யாருடைய பிள்ளை என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெரிவிக்கவும்.' இவ்வளவுதான். நான் துணியைக் கிழித்தேன். மூன்று கஜம் கேட்ட அம்மாவுக்கு ஐந்து கஜம் கிழித்திருந்தேன். "என்னா மொதலாளி, தீவாளியா?" என்று அந்த அம்மா சிரித்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து சாவு வீட்டுக்குத் தவிர நான் பகலில் கடை சாத்தியதில்லை.

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ என் பிள்ளை. உன் அம்மா வயிற்றில், டயகமத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் பிறந்த பிள்ளை. சந்தேகம் இருந்தால் கண்ணாடியில் உன் காதைப் பார். இந்தத் தட்டைக் காது வேறு யாருக்கும் வராது. ஆனால் அந்தப் பத்திரத்தில் இருப்பதும் பொய் எழுத்தல்ல. அதை எழுத வைத்தவன் நான். எப்படி, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் காரியத்தை ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டார்கள். அதனால் என் பதிலையும் நான் மறைவாக எழுதப் போவதில்லை. உன் அம்மாவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டுகிறேன். நீயும் உன் மனைவிக்கு வாசித்துக் காட்டு. மாநகரசபைக் கந்தோர்க்காரர்கள் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்.

உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தன. நீ அறியமாட்டாய், அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை. முதல் பிள்ளை பதினோராம் நாள் போயிற்று. இரண்டாவது ஐந்து மாதம் இருந்து, என் விரலைப் பிடித்துச் சிரிக்கப் பழகிய பிறகு போயிற்று. நீ வயிற்றில் தங்கியபோது லயத்தில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் சொன்னார்கள். எமனுக்கு உங்கள் வாசல் பழகிவிட்டது, இந்தப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுங்கள், பிள்ளை வேறு வாசலுடையது என்று தெரிந்தால் அவன் தாண்டிப் போய்விடுவான் என்றார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம் இது. பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொருத்தி வாசலில் வைப்பது, அவள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வது, பிறகு 'என் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்துக் கொடு' என்று பெற்றவளிடமே ஒப்படைப்பது. மொட்டை போடுகிற வயது வந்ததும் தவிடும் சேலையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? நெல் குத்துகிற வீடு ஒன்றுகூட இல்லை. அரிசி ஸ்டோரில் அளந்து கொடுக்கிறதுதான். தோட்டம் முழுவதிலும் தவிடு இருந்த ஒரே இடம் துரை பங்களா மாட்டுப்பட்டி. அங்கே மாடு பார்த்தவன்தான் சன்னாசி. அவனுக்கும் வெள்ளையம்மாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதை நினைத்தெல்லாம் நான் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களிடம் தவிடு இருந்தது, அதனால் போனேன். நீ பிறந்த மூன்றாம் நாள், நல்ல மழை. உன் அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு லயத்து ஓரமாக நடந்தாள். நான் சாக்கைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வெள்ளையம்மா கதவைத் திறந்ததும் உன் அம்மா சொல்லவேண்டியதைச் சொன்னாள். "இது எனக்கு ஆகாத புள்ள. வாங்கிக்கிறியா?" வெள்ளையம்மா கேட்கவேண்டியதைக் கேட்டாள். "என்னா வெல?" "ஒரு படி தவிடு." அவள் படியில் தவிட்டை அள்ளும்போது பாதி கீழே கொட்டியது. பிறகு முறத்திலிருந்து உன்னைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்க நேரமாயிற்று. "என்னாடி, மழையில நிக்கிறேன்ல, குடு" என்று உன் அம்மாவே கேட்கவேண்டி வந்தது.

ஊரில் எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தவில்லை. அப்போதே நான் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக விற்கத் தொடங்கிவிட்டேன். வியாபார மூளை எனக்கு என்று ஒரு நினைப்பு. விற்ற சரக்குக்குச் சீட்டு வேண்டாமா? எமனுக்கும் சித்திரபுத்திரன் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறானே, அவன் ஏட்டைப் புரட்டிப் பார்த்து 'இது அந்த மூட்டைக்காரன் பிள்ளைதான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆகவே சன்னாசியையே தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப்போய், அவன் பிள்ளையாகவே உன் பெயரைப் பதியச் சொன்னேன். கணக்கப்பிள்ளை ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்னய்யா இது, பெத்தவன் ஒருத்தன், பேர் குடுக்குறவன் ஒருத்தனா?" "எமனுக்குங்க ஐயா" என்றேன். "அவன் லயத்தப் பாத்துட்டு, சந்தேகம் வந்தா ஆபீஸ் புஸ்தகத்தையும் பாப்பான்ல?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏன்டா சன்னாசி, ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சன்னாசி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சம்மதமுங்க. எழுதுங்க" என்றான். அந்த நாலு எழுத்தைத்தான் போன வாரம் கொழும்பில் உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நீ பிழைத்தாய். எமன் ஏமாந்தான் என்று நான் மார்தட்டிக்கொண்டேன். உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் சண்டை வந்தால் உன் தங்கை "நீ தவிட்டுக்கு வாங்குன புள்ளதானே" என்பாள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் சொல்லுகிற கேலிதான். நீ அழுதுகொண்டு என்னிடம் வருவாய். "ஆமாடா, வாங்கினதுதான், அதுவும் கூடுன வெலைக்கு" என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மையில் நான் வாங்கவில்லை, விற்றிருந்தேன். அதைச் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. கேலியாக இருக்கிறவரை அது கேலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மகனே, ஒரு விஷயம் வீட்டுக்குள் சிரிப்பாகப் புழங்குகிறது என்றால், அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒரு கவுண்டரில் அதை யாரோ ஒருவர் சிரிக்காமல் சொல்லுவார்.

மொட்டை போடுகிற வயது வந்தபோது உன்னைத் திருப்பி வாங்கியிருக்கவேண்டும். அந்த வருஷம்தான் ஹட்டனில் கடை பிடித்தேன். இன்றைக்குப் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளினேன். பிறகு கடை பெருகிற்று; கண்ணாடி அலமாரி வந்தது; 'முதலாளி' என்று கூப்பிட்டார்கள். துணிக்கடை முதலாளி ஒரு மாட்டுக்காரன் வாசலில் தவிட்டுப் படியோடு போய் நிற்பதா என்று கூச்சம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், காரணம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கொழும்பில் உனக்கு வேலை கொடுத்தவர் என் சிநேகிதர், பத்திரம் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை யாரும் கேட்காமலே உன் வயது இருபத்தைந்து ஆயிற்று.

நீ மாநகரசபை வீட்டுப் பட்டியலில் பெயர் போட்டிருக்கிறேன் என்று வந்து சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குறைந்த வாடகை வீடுகள், மாடி வீடுகள், பெயர் கொடுத்தவர்கள் வரிசையாகக் காத்திருக்கவேண்டும், எத்தனை வருஷமாகும் என்று தெரியாது என்றாய். நான் என்ன சொன்னேன்? "வரிசையில நிக்கிறவன் யாவாரியா இருக்க முடியாதுடா. எந்த ஐயாவப் புடிக்கணும்னு பாரு" என்றேன். தேயிலைப் பெட்டி ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். மூன்று வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் உன் இலக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாய். நான் கேலி செய்தேன். கொச்சிக்கடையில் உன் ஒற்றை அறைக்கு வந்த பிறகுதான் கேலி நின்றது. கீழே வெங்காயக் கிட்டங்கி, மேலே நீங்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு குழாய். மருமகள் வாயும் வயிறுமாக வாளியோடு படியேறி வந்ததைப் பார்த்தேன். "மாமா, வீடு வந்தா கொழாய் வீட்டுக்குள்ளயே இருக்குமாம்" என்று அவள் சொன்னபோது அந்த முகத்தில் இருந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. நாம் வாடகை என்றால் என்னவென்றே தெரியாமல் வந்த சனம். லயத்துக் காம்பராவுக்கு வாடகை இல்லை; வேலை போனால் காம்பராவும் போகும், அவ்வளவுதான். என் அப்பாவை அப்படித்தான் ஒரு காலையில் பானை சட்டியோடு ரோட்டில் வைத்தார்கள். வேலை போனாலும் போகாத வீடு ஒன்று நம் வம்சத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. நீ முதல் ஆள். இரண்டு கிழமைக்குள் பத்திரம் காட்டாவிட்டால் அடுத்த இலக்கக்காரனுக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று மறைத்திருக்கிறேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரஜாவுரிமை இலக்கம் எழுதச் சொல்லி வீட்டு விண்ணப்பப் பாரத்தில் கேட்டார்களே, நீ என்னிடம் கேட்டபோது 'மனு போட்டிருக்கிறது, வரும் என்று எழுது' என்றேன். அது வராது. சுதந்திரம் வந்த கையோடு பிரஜாவுரிமையைப் பறித்து நம்மை எந்த நாட்டுக்கும் யாருமில்லாதவர்கள் ஆக்கினார்களே, பிறகு மனுப் போடச் சொன்னார்களே, அப்போது நான் எனக்கும் உன் அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் மனுப் போட்டேன். விசாரணைக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்வி. இத்தனை வருஷம் இந்த நாட்டை விட்டு நகராமல் இருந்தாயா? நான் நகர்ந்திருந்தேன். இந்தியாவில் துறையூர்ப் பக்கம் போய்ச் சேலை கொள்முதல் பழகுகிறேன் என்று பதினாலு மாதம் அங்கேயே இருந்துவிட்டேன். அந்தப் பதினாலு மாதத்தில்தான் இந்தக் கடைக்கு அடி போட்டேன் என்று பெருமையாக உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதுதான் எங்களை வெட்டிற்று. மனு தள்ளுபடி என்ற கடிதம் வந்து வருஷக்கணக்காகிறது. பட்டுச் சேலைப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. உன் அம்மாவுக்கே முந்தாநாள்தான் சொன்னேன்.

உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீரை வடிக்காமல் அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்: "வித்தது நீங்க. நான் விக்கல. நான் மொறத்தத் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். போய் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டயகமவுக்குப் புறப்பட்டேன். கையில் ஒரு நல்ல சேலை, அரிசிக் கடையில் வாங்கிய ஒரு படி தவிடு, வக்கீலிடம் எழுதுவித்த ஒரு சத்தியக் கடதாசி. 'ராசு எங்கள் பிள்ளையல்ல' என்று வெள்ளையம்மா அதில் கைநாட்டு வைத்தால் போதும், பதிவை மாற்ற வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். பதினெட்டு வருஷம் கழித்து அந்த லயத்துப் படியில் கால் வைத்தேன். வெள்ளையம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதாகித் தோட்டத்து வேலையில் பேர் வெட்டிவிட்டார்கள். தம்பி வீட்டோடு இருக்கிறாள். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த தவிட்டுப் பையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. என்னா, வித்த சரக்கத் திருப்பிக் கேட்டு வந்தீங்களா?"

விஷயத்தை அவளுக்குச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. வீடு, பட்டியல், இரண்டு கிழமை, மருமகளின் நிலை எல்லாம் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்தக் கடதாசியில என்னா எழுதியிருக்கு?"

"ராசு ஒங்க புள்ள இல்லன்னு."

"அதுல நான் கைநாட்டு வச்சா வீடு கெடைக்குமா?"

"பேர மாத்தலாம்."

"நான் பேரக் கேக்கல. வீடு கெடைக்குமா? ஒங்களுக்குப் பிரஜாவுரிமை இருக்கா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "இல்ல" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க" என்றாள். ராசு, அது அரசாங்க முத்திரை குத்திய பிரஜாவுரிமைச் சான்று. சன்னாசி, அதற்குக் கீழே மனைவி வெள்ளையம்மா, அதற்குக் கீழே வயது வராத மகன் ராசு. என் கண்ணை நம்பாமல் இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை சத்தமாக வாசித்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வெசாரணைக்கு வந்த ஐயா, புள்ளைங்க இருக்கான்னு கேட்டாரு. நான் இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். எங்க வீட்டுக்காரரு முந்திக்கிட்டு, ஒரு பையன் ஹட்டன்ல படிக்கிறான்னாரு. கடதாசி இருக்கான்னு கேட்டாரு. இவரு இருக்குன்னாரு. ஆபீஸ்ல பாத்தாங்க, இருந்துச்சு. இத்தன வருசத்துல தோட்டத்த விட்டுப் போயிருக்கியான்னு கேட்டாரு. மாட்ட விட்டுட்டு நான் எங்கய்யா போறதுன்னாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

"ஏம்மா, பொய்யில்லையா அது?"

"எது பொய்யி? நீங்க வந்து திருப்பி வாங்கினீங்களா? வளக்கக் குடுத்த புள்ளதானே இன்னிக்கி வரைக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு, நான் வாழ்நாளில் மறக்க முடியாத ஒன்றைச் சொன்னாள். "இப்ப மட்டும் வாங்கிராதீங்கண்ணே. வீடு போயிரும்."

நான் தவிட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் யாரையும் கேள், என்னை ஏமாற்ற முடியாது என்பார்கள். ஓடியாடிச் சம்பாதித்த நான் யாருமில்லாதவன். ஒரு நாளும் மாட்டுப்பட்டியை விட்டு நகராத மனிதன், தன் பெயருக்குக் கீழே என் பிள்ளையை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதுவரை அவன் இவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை, நான் எப்படி நினைத்திருந்தேன் என்று நீ தெரிந்துகொள்வது நல்லது. இனி அவர்.

அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. இங்கே நான் செய்த பெரிய பிழையைச் சொல்லவேண்டும். அவர் இறந்த அன்று டயகமவிலிருந்து ஓர் ஆள் கடைக்கு வந்து, "மாட்டுக்கார சன்னாசி தவறிட்டாருங்க. தம்பிய அனுப்பச் சொன்னாங்க" என்றான். தம்பி என்றால் நீ. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழைய பழக்கத்தைச் சொல்லிச் சாவுச் செலவுக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கோடித் துணி ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, 'அவன் கொழும்பிலே வேலையில் இருக்கிறான்' என்று சொல்லி அனுப்பினேன். உனக்குத் தெரிவிக்கவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று வெள்ளையம்மாவிடம்தான் கேட்டேன். மகன் வருவான், மகன் வருவான் என்று பொழுது சாய்கிறவரை பிணத்தை எடுக்காமல் வைத்திருந்தார்களாம். பிறகு அவள் தம்பி கொள்ளி வைத்தாராம். "ஒங்க துணிய அவரு மேலதான் போத்துனோம். நல்ல துணி" என்றாள். குத்திக் காட்டவில்லை. நல்ல துணி என்றுதான் சொன்னாள்.

இப்போது காரியத்துக்கு வருவோம். வக்கீலின் கடதாசியை அங்கேயே அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வெள்ளையம்மா கொடுத்தனுப்பிய பிரஜாவுரிமைச் சான்றையும் வைத்து, கொழும்புக்குப் போகிற உன் தங்கை மாப்பிள்ளை கையில் கொடுக்கிறேன், தபாலை நம்பவில்லை. நீ திங்கட்கிழமை கவுண்டருக்குப் போ. சான்றையும் பிறப்புப் பத்திரத்தையும் ஒன்றாக வை. இரண்டும் ஒன்றையே சொல்லும். பாரத்தில் தகப்பன் பெயர் என்று முதலில் நீ என் பெயரை எழுதியிருப்பதை அவர்கள் கேட்பார்கள். 'அது என்னை வளர்த்தவர் பெயர், தெரியாமல் எழுதிவிட்டேன்' என்று சொல். தடுமாறாமல் சொல். அந்த வரியில் என் பெயரை அடித்துவிட்டு, சன்னாசி என்று முழுசாக, அழகான எழுத்தில் எழுது. தொழில் என்ற இடத்தில் மாடு பார்த்தவர் என்றே எழுது. அதை எழுதக் கூச்சப்படாதே. அந்தக் கூச்சம் என்னிடமிருந்து உனக்கு வந்திருந்தால், அதை மட்டும் இங்கே திருப்பி அனுப்பிவிடு.

உன் அம்மா இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தச் சொன்னாள். "ஏங்க, எம்பேரு எங்கயுமே வராதா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "வெள்ளையம்மா அன்னிக்கி மொறத்துல இருந்து தூக்கினவ ரொம்ப நேரம் குடுக்கல. எனக்கு அப்பவே தெரியும். எழுதட்டும், விடுங்க. புள்ள பெறப் போறவளுக்கு வீட்டுக்குள்ள தண்ணி வேணும்." நீ இதை உன் மனைவிக்கு வாசிக்கும்போது இந்த இடத்தை இரண்டு தடவை வாசி.

வெள்ளையம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். சேலையைக்கூடத் தயங்கித்தான் வாங்கினாள்; தவிட்டை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். கொல்லையில் தம்பி வளர்க்கும் கோழிக்கு நானே கொட்டிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது கூப்பிட்டாள். "அண்ணே, கொழாய் வீட்டுக்குள்ளயே இருக்கும்னீங்களே, நெசமா? ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லுங்க." கூட்டிப்போவாய் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐப்பசியில் சன்னாசிக்குத் திவசம் வருகிறது. அதற்கு நீ டயகமவுக்கு வரவேண்டும். நான் இடுப்புத் துண்டோடு பின்னால் நிற்பேன். முன்னால் நிற்கவேண்டியவன் நீ.

அந்த இந்திய அரசாங்கமும் இந்த இலங்கை அரசாங்கமும் நம்மை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசுகிறார்களாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பத்திரிகையைக் காட்டிக் கேட்கிறார்கள், 'மொதலாளி, நாம எந்தப் பக்கம்?' என்று. நானும் உன் அம்மாவும் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே கப்பலேறச் சொன்னாலும் சொல்வார்கள். ஆனால் நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று வரை அது எனக்குத் தெரியாது. எமனை ஏமாற்றப் போட்ட எழுத்து இப்படி வந்து நிற்கும் என்று நான் கண்டேனா? என் சாமர்த்தியம் என்று இதை யாரிடமும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

வீட்டுச் சாவி கிடைத்ததும் எழுது. மாடியேறி உன்னைப் பார்க்க நாங்கள் வருவோம். அந்த வீடுகளில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று காவல்காரர்கள் கேட்பார்களாம். வெள்ளையம்மா வந்தால் உன் தாய் என்று சொல். பாரத்தில் அப்படித்தான் இருக்கும். எங்களை யார் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் என்று சொல். நான் முகம் சுளிக்காமல் தலையாட்டுவேன், உன் அம்மாவையும் பழக்கி வைக்கிறேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு, அந்தக் குழாயை ஒரு தடவை திறந்து காட்டு. தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. அப்போது நீ என்னை என்னவென்று கூப்பிடவேண்டுமோ கூப்பிடு.

இப்படிக்கு,
காகிதத்தில் உன்னை வளர்த்தவன்